ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் ஒரே ரசிகர்

வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு காமெடிப் படம் கேட்டால், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யைத்தான் (1964) சொல்வேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வதை எல்லோரும் போனில் துண்டாகப் பார்த்திருப்போம். துண்டாகப் பார்த்தால் அது நாகேஷின் சேட்டை, அவ்வளவுதான். முழுப் படமாகப் பாருங்கள். மகனின் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ஸுக்கு அப்பா சல்லிக்காசு தரமாட்டார். கேமரா கிடையாது, செட் கிடையாது. வெறும் வாயால் சத்தம் எழுப்பிக் கதை சொல்கிறான். நம்பாத அப்பா வெலவெலத்துப் போகிறார். படம் அங்கேயே ரிலீஸ் ஆகிவிட்டது! பாலையாவின் அந்த முகம் இல்லையென்றால் நாகேஷ் காற்றோடு பேசுகிற ஆள்தான்.

(சேலத்துக்காரனுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். எங்கள் மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று ஏற்காடு ரோட்டு வளைவுதான் மிச்சம். செல்லப்பாவிடமும் கம்பெனிப் பேர் மட்டும்தானே இருந்தது.)

போன பொங்கலுக்கு அப்பாவோடு பார்த்தேன். என் வேலையைப் பற்றி பத்து வருஷமாக ஒரு வார்த்தை கேட்காத மனுஷன். கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “ஆமா, உனக்கு ஆபீஸ்ல என்னதான்டா வேலை? சொல்லு, கேப்போம்.”