ரோபோவும் கூலியும்

'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது, செக் ஆசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகமாகும். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். இந்நாடகத்தை இயந்திரத்துக்கு அஞ்சும் கதையென்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆலைத் தலைவன் மனிதரின் விடுதலையைப் பேசுகிறான். பங்குதாரரோ இலாபத்தையே எண்ணுகின்றனர். கிளர்ந்தெழும் ரோபோக்கள், கையால் உழைக்கும் அல்குவிஸ்ட் ஒருவனையே உயிருடன் விடுகின்றன. உழைப்பே நாடகத்தின் உயிர்நிலை.

செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய விவாதம் மறப்பதும் இதனையே. சாட்ஜிபிடி நாகரிகமாகப் பேசவேண்டி, வன்முறையும் ஆபாசமும் மலிந்த வாசகங்களைக் கென்யத் தொழிலாளர் படித்து வகைப்படுத்தினர். அவர்தம் கூலி மணிக்கு 2 டொலருக்கும் குறைவென்பது 2023இல் வெளியாயிற்று. நாம் விஞ்ஞானத்தின் பகைவரல்லர். ஆயின், அவ்வுழைப்பாளரை மறைத்துவிட்டுப் 'பொறுப்பு' எனப் பேசுவது அந்த ஆலைத் தலைவனின் வசனமேயன்றி வேறன்று.