வகுப்பறையில் சீறா

உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களால் அமைந்த பெருங்காப்பியம். கல்லூரியில் தமிழிலக்கியம் பயிலும் மாணவர் அதனுள் எவ்வளவு தூரம் செல்கின்றார்? நாம் கண்ட பாடத்திட்டங்கள் பலவற்றில் ஒரு படலத்தோடு சரி. அதுவும் பெரும்பாலும் மானுக்குப் பிணை நின்ற படலமே.

அப்படலத்தின்மீது நமக்குக் குறையேதும் இல்லை. வேடன் கையில் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக வாக்களிக்க, அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) பிணை நின்ற நிகழ்ச்சி எவர் நெஞ்சையும் உருக்கும். ஆனால் பருவமுறையின் அவசரத்தில் அதையேனும் நின்று படிக்க முடிகிறதா? ஆசிரியர் சீர் பிரித்துப் பொருள் கூறி முடிப்பதற்குள் அகமதிப்பீட்டுத் தேர்வு வந்து நிற்கிறது. மாணவர் துணைநூலை நாடுகின்றார். 2020இல் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியபோது துணைநூல் கைப்பேசிக்குள் புகுந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் துணைநூலும் வேண்டாமென்றாகிவிட்டது. 'சீறாவில் உவமை நயம்' என்று கேட்டால் நொடியில் நான்கு பக்கம் வருகிறது. சில வேளைகளில் உமறு பாடாத பாட்டும் உடன் வருகிறது!

இயந்திரத்தைப் பழிப்பது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. நூலைத் திறவாமலே விடையெழுதக்கூடிய வினாக்களைக் கேட்டுவந்தவர்கள் நாமே. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, வாய்மொழித் தேர்வுக்கும் வகுப்பறையிலேயே கையால் எழுதும் தேர்வுக்கும் திரும்பியிருக்கின்றன. இங்கே பருவத் தேர்வைக் கையால் எழுதும் வழக்கம் விட்டுப்போகவேயில்லை. எனினும் என்ன பயன்? மனப்பாடம் செய்ததைக் கை எழுதுகிறது, அவ்வளவே.

நூலைப் படித்தவரிடம் மட்டுமே பிறக்கும் வினா ஒன்று உண்டு. சீறாவின் நாட்டுப் படலத்தை எடுத்துக்கொள்வோம். மணல்வெளி மிகுந்த அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த புலவர், மழை பொழிவதையும் வெள்ளம் பெருகுவதையும் வயலில் நெல் விளைவதையும் பாடுகின்றார். முதன்முறை படிக்கும் மாணவர் இங்கே திகைக்க வேண்டும். 'ஐயா, அரபு நாட்டில் ஏது இத்தனை நெல்வயல்?' என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகக் கல்வி என்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

விடை ஒன்றன்று. கம்பர் கோசல நாட்டைப் பாடிய காப்பிய மரபு உமறுவின் முன் நின்றது. எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் கற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆகவே மரபைப் பின்பற்றினார் என்று கூறி முடித்துவிடலாம். நமக்கு அது போதவில்லை. நாயகம் பிறந்த நாட்டை, தம் மக்கள் கண்டறிந்த செழிப்பின் உருவிலே காட்ட அவர் விரும்பினார் என்றே நாம் எண்ணுகிறோம். மருத நிலத்தைக் கடன் கொடுத்து அரபகத்தைத் தமிழருக்கு அண்மையாக்கினார். இதை ஏற்காத மாணவர், படலத்திலிருந்தே சான்று காட்டி மறுக்கட்டும். இயந்திரமும் ஒரு விடை சொல்லும். ஆனால் திகைப்பை அது மாணவருக்காகப் பட முடியாது.

இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில், ஆண்டுதோறும் பணி நீட்டிப்பை எதிர்நோக்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அவர்மீது இன்னொரு சுமையை ஏற்றிவிட்டுக் கற்பித்தல் சீர்பட்டது என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. பாடத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும். நாட்டுப் படலத்தில் பத்துச் செய்யுள் போதும். அவற்றை உரக்கப் படிக்கவும் வாதிடவும் இரண்டு வாரம் ஆகும். தேர்வுக் கூடத்திற்குள் நூலை எடுத்துச் செல்லவும் அனுமதிக்கலாம். வகுப்பில் நடத்தாத இரண்டு செய்யுள்களைக் கொடுத்து, 'இங்கே புலவர் என்ன செய்கிறார்?' என்று மட்டும் கேட்கலாம். அதற்காக ஓர் அலகு நடத்தப்படாமல் நின்றுபோனால், நிற்கட்டும்.