கோடரியும் காகிதமும்

கோபிநாத் மொஹந்தியின் "பரஜா" நாவலைச் சென்ற வாரம் மூன்றாம் தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை படித்தபோது அதில் வருகிற காடும் மலையும் பாட்டும் கூத்தும் என்னை மயக்கின. இரண்டாம் தடவை அந்தக் குடும்பத்தின் துயரம் மனசைப் பிழிந்தது. இந்தத் தடவைதான் ஒன்று தெரிந்தது: இது சட்டத்தைப் பற்றிய நாவல். மலைவாசிகளின் கதையில் சட்டம் எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். அங்கேதான் வந்தது. அது வந்த வழியைத்தான் மொஹந்தி எழுதியிருக்கிறார்.

ஒரியா மொழியில் 1945ல் வெளியான நாவல். 1987ல் விக்ரம் கே. தாஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் அந்த மொழி தெரியாத பலருக்கு இது எட்டியது. மொஹந்தி 1938 முதல் ஒரிஸ்ஸா அரசாங்கத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். கோராபுட் மலைச்சீமையை வேலையின் நிமித்தமாகச் சுற்றி அறிந்தவர். அதாவது, மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர். அந்தப் பக்கம் கைகட்டி நின்றவனின் கதையை அவர் எழுதினார். அதுவே அபூர்வம்.

சுக்ரு ஜானி பரஜா குலத்துக் குடியானவன். மனைவியைப் புலி கொண்டுபோய்விட்டது. மாண்டியா, திக்ரா என்று இரண்டு பிள்ளைகள். ஜிலி, பிலி என்று இரண்டு பெண்கள். இருக்கிற நிலத்தோடு இன்னும் கொஞ்சம் காட்டைத் திருத்தினால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்பது அவன் கனவு. அதற்குள் காட்டிலாகா கார்டின் கண் ஜிலியின்மேல் விழுகிறது. நினைத்தது நடக்கவில்லை என்றதும், மரம் வெட்டினான் என்று தகப்பன்மேல் பழி, அபராதம். கட்டப் பணம் இல்லை. சவுகாரிடம் போகிறான். கடனுக்கு ஈடாகத் தானும் இளைய மகனும் "கோத்தி" ஆகிறார்கள். கோத்தி என்றால் கடன் தீரும்வரை உழைக்கிறவன். கடன் தீருவதே இல்லை. பிறகு மாண்டியா சாராயம் காய்ச்சிப் பிடிபடுகிறான். மறுபடி அபராதம், மறுபடி சவுகார். பெண்கள் ரோடு போடும் வேலைக்குப் போகிறார்கள். நிலம் ஒத்திக்குப் போகிறது. கடைசியில் ஜிலியும் சவுகாரின் வீட்டுக்கே போய்ச் சேருகிறாள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கொள்ளைக்காரன் யாரும் வரவில்லை. காட்டுக்குச் சட்டம் இருக்கிறது, சாராயத்துக்குச் சட்டம் இருக்கிறது, கடனுக்குக் கைநாட்டு இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நாசம் படிப்படியாக, முறைப்படி நடந்தேறுகிறது. வில்லனை வைத்துக் கதை சொல்கிறவர்களுக்கு இந்த வித்தை கைவராது. மொஹந்தியின் சவுகார் ராட்சதன் அல்ல. கணக்கில் கெட்டிக்காரன், அவ்வளவுதான். நம் சென்னையில் ஒரு பேட்டையே அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவனை நமக்கும் தெரியும்.

இந்த நாவலைப் பற்றி, ஓய்வுபெற்ற வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "பாவம், அந்தக் காலத்தில் அவர்களைக் காக்கச் சட்டம் இல்லை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சட்டம் இல்லை என்று உமக்கு யார் சொன்னது? 1936 வரையில் கோராபுட் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது ஐயா. ஏஜன்ஸிப் பிரதேசம் என்பார்கள். 1917லேயே சென்னை அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. ஏஜண்டின் சம்மதம் இல்லாமல் மலைக்குடி ஒருவனின் நிலம் வெளியார் கைக்குப் போனால் அது செல்லாது. வட்டிக்கும் வரம்பு உண்டு."

எனக்குப் பேச்சு வரவில்லை. சட்டமே இல்லாமல் ஒருவன் கெட்டுப்போனான் என்றால் அதை விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். சட்டம் இருந்தும் கெட்டுப்போனான் என்றால் விதியின்மேல் பழிபோட முடியாது. நாவலின் முழுக் கனமும் அந்த நிமிஷத்தில்தான் என்மேல் இறங்கியது.

தண்டிக்கிற சட்டம் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு, மலையேறி, குடிசை வாசலைத் தேடி வருகிறது. காக்கிற சட்டமோ எங்கோ ஓர் ஊரில், தெரியாத மொழியில், அலமாரிக்குள் இருக்கிறது. அதைத் தேடி இவன்தான் இறங்கி வரவேண்டும். சுக்ரு ஜானியும் வரத்தான் வருகிறான். ஒத்தி வைத்த நிலத்தைச் சவுகார் திருப்பித் தர மறுத்தபோது கச்சேரிக்குப் போகிறான், தோற்கிறான். மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தால் போதும் என்று வாழ்ந்தவனுக்கு, சாட்சியும் தஸ்தாவேஜும் வேண்டும் என்கிற உலகத்தில் நியாயம் கிடைக்கவில்லை. அதன் பிறகு கோடரி. தகப்பனும் பிள்ளைகளும் சவுகாரைக் கொன்றுவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த முடிவை நாடகத்தனம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. அந்தக் குடும்பம் சொன்ன சொல்லைச் சர்க்கார் உடனே நம்பியது அந்த ஒரு தடவைதான். "எங்கள் நிலம்" என்று சொன்னபோது சாட்சி வேண்டியிருந்தது. "நாங்கள் கொன்றோம்" என்று சொன்னபோது வேண்டியிருக்கவில்லை. இதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கலை.

குறை இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். பருவங்களின் வர்ணனை சில இடங்களில் கதையை நிறுத்திவிடுகிறது. மலைஜனங்களின் காதலும் பாட்டும் வரும்போது ஆசிரியருக்குள் இருக்கும் கவி, அதிகாரியை மறந்துவிடுகிறார். ஆனாலும் நம் பத்திரிகைக் கதைகளில் தேன்குடத்தோடு வந்து பட்டணத்து இளைஞனைப் பார்த்து வெட்கப்படுகிற மலைப்பெண்ணை நினைத்துக்கொண்டால், இந்தக் குறையைச் சுலபமாக மன்னித்துவிடலாம். ஜிலிக்கு ஆசை உண்டு, கோபம் உண்டு, பசி உண்டு.

நாவல் வெளிவந்த பிறகு சட்டங்களுக்குக் குறைவில்லை. கோத்தி முறையை ஒழிக்க ஒரிஸ்ஸாவில் 1948ல் ஒரு விதி. நிலத்தைக் காக்க 1956ல் இன்னொரு விதி. கொத்தடிமைக்கு எதிராக 1976ல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம். 2006ல் வன உரிமைச் சட்டம். வனவாசிகளுக்குக் காலங்காலமாக அநீதி இழைக்கப்பட்டது என்று இந்தக் கடைசிச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. சட்டம் மன்னிப்புக் கேட்கிற மாதிரியான குரலில் பேசுவது அபூர்வம். ஆனால் 1917ன் கதையை அறிந்த பிறகு, பட்டியலைப் பார்த்து மட்டும் மகிழ்ந்துவிட முடியவில்லை.

மகிழத்தக்கதும் ஒன்று நடந்தது. பழைய கோராபுட் ஜில்லாவிலிருந்து 1992ல் பிரிந்த ராயகடாவிலும், பக்கத்துக் காலஹந்தியிலுமாகப் படர்ந்திருப்பது நியம்கிரி மலை. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலையே தெய்வம், நியமராஜா என்பார்கள். அங்கே பாக்ஸைட் வெட்டுவதா என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல் 18ந் தேதி தீர்ப்புச் சொன்னது: அந்த மக்களின் உரிமைக்கும் வழிபாட்டுக்கும் பங்கம் வருமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பன்னிரண்டு மலைக் கிராமங்களில் சபை கூடியது. மேற்பார்வைக்கு ஜில்லா நீதிபதி மலையேறிப் போனார். ஜனங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். பன்னிரண்டு கிராமங்களும் கூடாது என்றன. 2014ல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

சுக்ரு ஜானியின் பேரன்மார் என்று சொல்லத்தக்கவர்களிடம் காக்கிற சட்டம் நடந்து போய், தரையில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டது. மொஹந்தி 1991ல் காலமாகிவிட்டார். இதைப் பார்க்க இல்லை.

கதை இங்கே முடிந்தால் நன்றாயிருக்கும். 2019 பிப்ரவரி 13ந் தேதி, வன உரிமை மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி அதே கோர்ட் உத்தரவிட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் கதிகலங்கின. இரண்டு வாரத்தில், அந்த மாதம் 28ந் தேதி, உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நிராகரிப்புகளில் எத்தனை சாட்சிக்காக, எத்தனை தஸ்தாவேஜுக்காக என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம்மிடம் பட்டா இருக்கிறது. பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். அது இல்லாதவனும் நம்மைப்போல் ஒரு வீட்டுக்காரன்தான் என்று நமக்கு எடுத்துச் சொல்ல ஒரு நாவல் வேண்டியிருக்கிறது. "பரஜா" அந்த வேலையைச் செய்கிறது. படித்துப் பாருங்கள்.