பவளத்தின் நிறமும் விளக்கின் நிறமும்

ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடித் தொட்டி ஒன்றில் பவளங்கள் பச்சையும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சுடர்விட்டன. "சார், இவ்வளவு நிறம் உண்மையிலேயே பவளத்துக்கு உண்டா, இல்லை படத்தில் ஏதாவது செய்திருக்கிறார்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் ஒரே சொல்லில் விடை கூற இயலாத கேள்வி. வாசகர்களாகிய நீங்களும் இத்தகைய படங்களைக் கண்டு வியந்திருப்பீர்கள். ஆகவே அவ்விடையைச் சற்று விரிவாகவே இங்கு கூறுகிறேன்.

கடல்நீர் நிரப்பிய தொட்டியில் உயிருள்ள பவளங்களை வளர்ப்பது அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், சிங்கப்பூர் முதலிய இடங்களில் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. முன்பு இத்தொட்டிகளின் மேல் உலோக ஹாலைடு விளக்குகளும் குழல் விளக்குகளும் எரிந்தன. திறன்மிக்க நீல ஒளி டயோடை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றதை நாம் அறிவோம். அந்த டயோடின் வழிவந்த எல்.இ.டி. விளக்குகள் இன்று பழைய விளக்குகளின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடிவது இவற்றின் சிறப்பு. அந்த வசதியே ஒரு புதிய சுவையையும் வளர்த்துவிட்டது. வெள்ளையை அறவே குறைத்து, நீலத்தை உச்சத்தில் வைத்து, பவளங்களைச் சுடர்விடச் செய்து பார்ப்பதே அச்சுவை. இதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி நம் கண்ணை ஏமாற்றுகிறது. சில வேளைகளில் பவளத்தின் உயிருக்கே உலை வைக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

மூவகை நிறங்கள்

பவளத்தின் நிறம் ஒரே இடத்திலிருந்து வருவதன்று. முதலாவது, அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளின் பழுப்பு நிறம். இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்திற்குப் பெரும்பகுதி உணவை அளிக்கின்றன. இரண்டாவது, பவளம் தானே உருவாக்கும் ஒளிரும் புரதங்கள். மூன்றாவது, ஒளிராத நிறப் புரதங்கள். ஊதா, நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் பல இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

ஒளிர்தல் என்பதை 1852இல் ஸ்டோக்ஸ் விளக்கினார். குறைந்த அலைநீள ஒளியை ஏற்று, அதைவிடக் கூடிய அலைநீள ஒளியை வெளியிடுவதே ஒளிர்தல். 450 நானோமீட்டர் நீல ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 2.76 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. பச்சையாக ஒளிரும் புரதம் அதை ஏற்று, சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பச்சை ஃபோட்டானை வெளியிடுகிறது. எஞ்சியது வெப்பமாகக் கழிகிறது. ஆகவே நீல விளக்கில் தெரியும் பச்சை, விளக்கிலிருந்து வந்த பச்சையன்று. பவளம் தானே ஆக்கிய பச்சை. என் மாணவரின் கேள்விக்கு முதல் விடை இதுவே: அந்த நிறம் பொய்யன்று.

இப்புரதங்கள் வெறும் வேடிக்கைப் பொருள்களும் அல்ல. தொட்டிகளில் வளர்க்கப்படும் டிஸ்கோசோமா என்னும் உயிரியிலிருந்து பெறப்பட்ட சிவப்பு ஒளிர்புரதத்தை ரஷ்ய ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் உயிரணு ஆய்வுக்கூடங்களில் அதன் வழித்தோன்றல்கள் பயன்படுகின்றன.

நீலத்தின் நியாயம்

நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலில் பத்து மீட்டர் ஆழத்திற்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி மறைந்துவிடும். நீலமோ மிக ஆழம்வரை செல்லும். பவளத்தின் பாசிகளும் நீலத்தை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. மேலும், நீல ஒளி கூடும்போது பவளம் தன் நிறப் புரதங்களை மிகுதியாக உற்பத்தி செய்கிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். எனவே நிறம் வேண்டுவோர் நீல விளக்கை நாடுவதில் தவறில்லை.

தவறு எங்கே வருகிறது? சென்ற ஆண்டு சிங்கப்பூரில் என் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அத்தானின் நண்பர் ஒருவர் தம் பவளத் தொட்டியைக் காண அழைத்தார். அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, பெருமையோடு தொட்டியைக் காட்டினார். அழகுதான், மறுப்பதற்கில்லை. மேல் தட்டில் இருந்த கிளைப் பவளம் ஒன்று நியான் விளக்கைப்போல் பச்சையாக எரிந்தது. "எல்லாவற்றிலும் இதுதான் அருமை, சார்" என்றார்.

பழைய குறுந்தகடு ஒன்றைக் கேட்டு வாங்கி, விளக்கின் ஒளியை அதில் படச் செய்தேன். நீலமும் ஊதாவும் மட்டும் இரண்டு பட்டைகளாகத் தெரிந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு இருக்க வேண்டிய இடம் இருண்டிருந்தது. நீங்களும் உங்கள் வீட்டு விளக்குகளை இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். பிறகு அவரிடம் சொல்லி நீல விளக்கை அணைத்து, வெள்ளைக் கைவிளக்கால் தொட்டியைப் பார்த்தோம். மூலையில் கறுத்துக் கிடந்த ஒரு பவளம் அழகிய ஊதா நிறம் காட்டியது. அது ஒளிராத வகை. தன் மேல் படும் ஒளியில் சிலவற்றைத் திருப்பியனுப்பியே அது நிறம் காட்ட வேண்டும். திருப்பியனுப்பச் சிவப்பு இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? முழு நீலச் சுவை, பவள நிறங்களில் ஒரு வகையை மட்டும் மேடையேற்றி, மற்றொரு வகையைத் திரைக்குப் பின்னே தள்ளிவிடுகிறது. கலைக்கண்ணோடு பார்த்தாலும் இது குறையே.

அடுத்து அந்தப் பச்சைப் பவளத்தின் மேல் ஒளியைத் திருப்பினேன். அது வெளிறிப்போயிருந்தது. திசுவின் ஊடே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிந்தது. பழுப்பு நிறம் அநேகமாக இல்லை. பாசிகள் வெளியேறிக்கொண்டிருந்தன என்பதே இதன் பொருள். அவர் மிகவும் போற்றிய பவளம் நோயாளியாக இருந்தது!

கண் தவறும் இடம்

"விளக்கு மங்கலாகத் தெரிந்தது, சார். அதனால் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்" என்றார் நண்பர். இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. பகலொளியில் நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அளவில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சம் பெறுகிறது. 450 நானோமீட்டர் நீலத்திற்கு அந்த உணர்திறனில் சுமார் நான்கு சதவீதமே உண்டு. லக்ஸ் மானிகளும் கண்ணின் இந்த இயல்பை ஒட்டியே அளவிடப்பட்டவை. ஆகவே கண்ணுக்கும் லக்ஸ் மானிக்கும் மங்கலாகத் தோன்றும் நீல விளக்கு, பவளத்தின் பாசிகளுக்குக் கடும் வெயிலாக இருக்கக்கூடும். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஃபோட்டான்களை எண்ணும் மானியே இங்கு பொருத்தமானது. விளக்கு விற்பனையாளர்கள் அழகிய படங்களைக் காட்டுமளவுக்கு இதை வற்புறுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை.

நோயுற்ற பவளம் ஏன் மேலும் சுடர்விட வேண்டும்? இதற்கு விடை 2020இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. நலமுள்ள பவளத்தில் பாசிகள் ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. பாசிகள் குறைந்தால், வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பும் ஒளி திசுவில் பெருகுகிறது. அந்த மிகுதியான நீல ஒளி நிறப் புரதங்களின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அப்புரதங்கள் வெயிலைத் தாங்கும் திரைபோல் நின்று, பாசிகள் திரும்பிவர வழி செய்கின்றன. அவை திரும்பினால் பவளம் பிழைக்கும். திரும்பாவிட்டால் அந்தச் சுடரே அதன் கடைசிச் சுடர். 2017இல் வெளிவந்த 'சேசிங் கோரல்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, நியூ கலிடோனியாக் கடலில் வெப்பத்தால் வாடிய பவளங்கள் நீலமும் ஊதாவுமாக ஒளிர்ந்த காட்சி நினைவிருக்கும். அழகும் ஆபத்தும் அங்கே ஒரே நிறத்தில் இருந்தன.

எப்படி மதிப்பிடுவது?

ஒரு பவளத் தொட்டியை நீல ஒளியில் மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது. நாள்தோறும் சிறிது நேரமாவது வெள்ளை ஒளியில் பாருங்கள். நிறத்தின் அடியில் பழுப்புச் சாயல் இருக்கிறதா, கிளை நுனிகள் வளர்கின்றனவா, சிறு கைகள் விரிகின்றனவா என்று கவனியுங்கள். ஒளியைக் கூட்ட வேண்டுமானால் வாரக் கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். நீரையும் மறக்காதீர்கள். நைட்ரேட் மிகுந்தால் பாசி பெருகிப் பவளம் கரும்பழுப்பாகும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாவிட்டால் வெளிறும். விளக்கு ஒன்றினால் மட்டும் நிறம் வந்துவிடாது.

நம் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடின பவளங்கள் 2001 முதல் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்தாலும் அது குற்றமே.

சிங்கப்பூர் நண்பர் விளக்கைக் குறைத்தார். சில மாதங்களுக்குப் பின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "பச்சை மங்கிவிட்டது, சார். பழுப்பு ஏறிவிட்டது. பழைய அழகு இல்லை" என்று குறைப்பட்டிருந்தார். கடிதத்தோடு வெள்ளை ஒளியில் எடுத்த படம் ஒன்றும் இருந்தது. பழுப்பின்மேல் மெல்லிய பச்சை. கிளை நுனிகளில் புதிய வளர்ச்சி. "உங்கள் பவளம் மீண்டும் சாப்பிடத் தொடங்கியிருக்கிறது" என்று பதில் எழுதினேன்.