13700

மலேசியாவில் செபராங் ஜெயா முகவரியின் கடைசியில் அஞ்சல் குறியீட்டோடு 13700 பிறை என்று எழுதுவோம். பார்வைக்குச் சாதுவான எண். இரண்டு பூஜ்யத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது 137, பகா எண். அதை 73-ஆல் பெருக்குங்கள்: 10001.

விளையாட்டு இங்கேதான். எந்த நான்கு இலக்க எண்ணை 10001-ஆல் பெருக்கினாலும் அதே எண் இரண்டு தரம் அடுத்தடுத்து வரும். நம் ஊர் நம்பர் பிளேட்டில் எண்கள் நான்கைத் தாண்டாதே! நெரிசலில் முன்னால் நிற்கும் காரில் 4826 என்று வையுங்கள். இரண்டு தரம் எழுதினால் 48264826; நாலு கோடியே எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம். 137-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 352298. வேறு எந்தக் காரைப் பிடித்தாலும் இதே கதைதான். (மூன்று இலக்கம் என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள்.)

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. 13700-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக மூன்று விதமாக எழுதலாம்: 110-உம் 40-உம், 112-உம் 34-உம், 98-உம் 64-உம். ஒவ்வொரு ஜோடியையும் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள். 137-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. 2-ஐ விட்டுவிட்டால், அப்படிப்பட்ட பகா எண்ணுக்கே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகும் குணம் உண்டு என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா சொன்னார். பக்கத்து புக்கிட் மெர்த்தாஜாமின் 14000-க்கு ஒரு வழிகூடக் கிடையாது; அதன் பகாக் காரணிகளில் ஒற்றையாக வரும் 7 குறுக்கே நிற்கிறது.