உரக்கச் சொன்னால் போதுமா?

இசைத்தட்டு வெளியீட்டில் மாஸ்டரிங் என்று ஒரு காரியம் உண்டு. பாடுகிறவர் பாடி முடித்து, வாசிக்கிறவர் வாசித்து முடித்து, தனித்தனியே பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒருவர் கலந்தும் கொடுத்த பிறகு, கடைசியாக ஒரு காது அதைக் கேட்கிறது. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஒத்துப்போகிறதா, நடுவே எத்தனை நேரம் மௌனம் வேண்டும், அடித்தொனி மிஞ்சுகிறதா என்று பார்த்துச் சரிசெய்கிறது. நன்றாகச் செய்தால், செய்ததே தெரியாது. அச்சுக்குப் போகுமுன் நாவலை ஒரு நல்ல நண்பர் படித்துத் திருத்திக் கொடுப்பது போல என்று சொல்லலாம்.

இந்தக் காரியம் எப்படிக் கெட்டது என்பதற்கு, 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு வெளியிட்ட 'டெத் மேக்னெடிக்' என்ற தொகுப்பை உதாரணமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பழைய கறுப்பு இசைத்தட்டில் சத்தத்துக்கு இயற்கையாகவே ஒரு தடை இருந்தது. சத்தம் கூடினால் தட்டிலுள்ள பள்ளம் அகலும், இடம் குறையும், அளவு மீறினால் முள் துள்ளிவிடும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் முள்ளும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒலி எண்களாகப் பதிகிறது. உச்ச எண் என்று ஒன்று மட்டும் உண்டு. அதைத் தாண்ட முடியாது. மேலே போக முடியாவிட்டால் என்ன, கீழே இருப்பதை மேலே தூக்கலாமே என்று யோசித்தார்கள். லிமிட்டர் என்ற கருவி உச்சங்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றதெல்லாம் உயர்த்தப்படுகிறது. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று மனிதக் காதுக்குப் படும். இந்தப் பலவீனத்தை நம்பி, 1990களில் ஒருவரை மிஞ்சி ஒருவர் கத்த ஆரம்பித்தார்கள்.

'டெத் மேக்னெடிக்'கில் அந்தப் போட்டி எல்லையைத் தொட்டுவிட்டது. அதே பாட்டுகள் 'கிதார் ஹீரோ' என்ற விளையாட்டுக்காகவும் வெளிவந்தன. அந்தப் பதிவு இவ்வளவு நசுக்கப்படவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். மறுபடி சரியாகச் செய்து தரும்படி கேட்ட விண்ணப்பத்தில் 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்ஸன், தம்மிடம் வரும்போதே பதிவு நசுங்கித்தான் இருந்தது என்று சொன்னார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கடைசிக் காதுக்கு வருமுன்பே காரியம் கெட்டுவிட்டது.

இரண்டையும் நானும் கேட்டேன். 'தி டே தட் நெவர் கம்ஸ்' என்ற பாட்டு மென்மையான கிதாரில் ஆரம்பிக்கிறது. பிறகு கனத்து, முடிவில் வெறிகொண்டு ஓடுகிறது. அதன் அழகே அந்த ஏற்றம்தான். விளையாட்டுக்கான பதிவில் டிரம் அடி விழும்போது மார்பில் விழுகிறது. குறுந்தட்டில் அந்த இடம் வரும்போது ஏதோ கிழிகிற மாதிரி கேட்கிறது. சத்தம் இருக்கிறது, அடி இல்லை.

"அந்தச் சங்கீதமே இரைச்சல்தானே ஐயா, அதில் என்ன மென்மை வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்பார்கள். இரைச்சலுக்கும் பக்கத்தில் ஒரு தாழ்ந்த குரல் வேண்டும். எல்லோரும் கத்துகிற வீட்டில் யார் கோபமாக இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். என் ஆரம்பகாலக் கதை ஒன்றில் ஒரு தாயின் சாவை எழுதினேன். வாசகன் அழாமல் போய்விடுவானோ என்று பயந்து பக்கம் முழுவதும் கண்ணீரைக் கொட்டினேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரு மூத்த நண்பர் பெரும்பகுதியை அடித்துவிட்டு, அவள் வைத்துவிட்டுப் போன வெற்றிலைப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தார். எனக்குக் கோபம் வந்தது. கதை அச்சானபோது அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதினார்கள். கேட்பவனிடம் நம்பிக்கையில்லாதபோதுதான் கலைஞன் குரலை உயர்த்துகிறான். மெட்டாலிகா மாதிரி கால் நூற்றாண்டுக்கு மேல் கேட்கப்பட்டவர்களுக்கும் அந்தப் பயம் விடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. வெற்றி, செய்த தவறை மறைத்துவிடும்; திருத்திவிடாது.

இப்போது காலம் சற்று மாறியிருக்கிறது. ஒலியின் சத்தத்தைக் காதுக்குப் படுகிறபடி அளக்க 2006இல் சர்வதேச அளவுகோல் ஒன்று வந்தது. இன்று ஸ்பாட்டிஃபை, யூட்யூப் போன்றவை மிஞ்சிக் கத்துகிற பாட்டைத் தாங்களே தணித்துக் கொடுக்கின்றன. ஆகவே கத்தியவனுக்கு இப்போது லாபமில்லை. சத்தம் போய்விடுகிறது, நசுங்கல் மட்டும் மிஞ்சுகிறது. இது தெரிந்தும் பலர் இன்னும் நசுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேட்பவன் கையிலேயே ஒரு திருகு இருக்கிறது. வேண்டுமானால் அவன் கூட்டிக்கொள்வான். நசுக்கி அனுப்பியதை விரித்துக்கொள்ள அவனிடம் எந்தத் திருகும் இல்லை.