சவர்க்காரமும் கண்ணீரும்

பழைய கண்ணீர் நாடகங்களின் சாயலை நகைச்சுவைக்கென எடுத்தாளும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காண்கிறோம். மங்கிய நிறம், வயலின் அழுகை, மாமியாரின் முகம் மும்முறை பெருத்துத் தோன்றுகிறது, இடி முழங்குகிறது. மருமகள் வெள்ளைச் சட்டையொன்றை நெஞ்சோடு அணைத்து விம்முகிறாள். கணவனுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. அவன் சட்டையிற் கறிக்குழம்பு பட்டுவிட்டது! உடனே சலவைத் தூள் பொதியொன்று ஒளிவட்டத்துடன் வந்து நிற்க, பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது. பார்ப்போர் சிரிக்கின்றனர். நாமும் சிரித்திருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விளம்பரத்தில் இலக்கிய விசாரம் எதற்கு என்பாருமுளர். பதுளையில் நம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் பாடநூலிலுள்ள எந்தச் சிறுகதையையும்விட இவ்விளம்பரங்களையே வரிக்கு வரி மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். எனவே இச்சிரிப்பு யாரைக் குறித்து எழுகிறது என்று கேட்பது ஆசிரியர் கடமை என்றே கருதுகிறோம்.

கண்ணீர்த் தொடரை வளர்த்தெடுத்ததே சவர்க்கார வணிகந்தான் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1933 ஆம் ஆண்டு அமெரிக்க வானொலியில் ‘மா பெர்க்கின்ஸ்’ என்னும் தொடர் ஒலிக்கத் தொடங்கியது. புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தின் ஒக்சிடோல் சலவைத் தூளுக்காகவே அது நடத்தப்பட்டது. சிற்றூரொன்றில் மரக்காலை நடத்தும் விதவையின் கதை. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம். 1960 வரை இருபத்தேழு ஆண்டுகள். இத்தகைய தொடர்களுக்கு ‘சோப் ஒபேரா’ என்ற ஏளனப் பெயர் வாய்த்ததும் சவர்க்காரக் கம்பெனிகளின் உபயத்தாலேயே. அந்நிறுவனம் தயாரித்த இறுதித் தொடர் 2010 இல் தொலைக்காட்சியிலிருந்து விடைபெற்றது.

வீட்டு வேலையின் நடுவே தனித்திருந்த பெண்ணை அழவைத்து, அவ்வழுகையின் இடைவெளியில் தூள் விற்றது வணிகம். இன்று அதே அழுகையைக் கேலிப்பொருளாக்கி இரண்டாம் முறையும் தூள் விற்கிறது. நாடகத்தை ஆக்குவித்தவன் இக்கேலிக்கு அகப்படுவதேயில்லை. கேட்டு அழுதவளே அகப்படுகிறாள். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அவள் யாரோ ஒருத்தியல்லள். மாலையில் தொடர் பார்த்துக் கண்கலங்கும் அவர்களுடைய தாய்.

விளம்பரதாரர் தயவில் பிறந்த நாடகம் யாவும் இழிந்தது என்று நாம் கூறவரவில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நமக்கு வேறு கதையும் சொல்கிறது. எழுபதுகளில் மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலித்த சில்லையூர் செல்வராஜனின் ‘தணியாத தாகம்’ யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் கதை. வங்கிக்கு வைப்புப் பணம் வேண்டியிருந்தது, உண்மைதான். எனினும் கேட்டோர் அழுதபோது, வீட்டுக் கடனையும் தங்கையரின் கலியாணத்தையும் எண்ணி அழுதனர், கறைக்காக அழவில்லை. நகைச்சுவையிலும் அவ்வாறே. எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் வெற்றி கண்டு, 1976 இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமுமாயிற்று. மரைக்கார், அப்புக்குட்டி, ஐயர், உபாலி என்போர் தத்தம் பேச்சு வழக்காலேயே சிரிப்பூட்டினர். அவ்வழக்குகளைப் பேசுவோரும் உடனிருந்து சிரித்தனர். ஆனால் அந்நால்வருள் கொழுந்துக் கூடை சுமந்தவர் ஒருவருமில்லை என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

அக்கூடையைப் பற்றி விளம்பர உலகம் அறியாததன்று. பதுளை மாவட்டத்தின் அப்புத்தளையில் தம்பேதன்னைத் தோட்டத்தை 1890 இல் வாங்கிய தோமஸ் லிப்டன், விளம்பரக் கலையிற் கைதேர்ந்த வியாபாரி. தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று முழங்கியவர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அவருடைய தேயிலையோடு உலகெங்கும் சென்றது; அவள் குரல் செல்லவில்லை. லிப்டன் என்ற அப்பெயர் பின்னாளில் சவர்க்கார உற்பத்தியிற் பெயர்போன யூனிலீவரின் உடைமையாகி, 2022 இலேயே கைமாறியது. கொழுந்தெடுத்த கையின் கறையைப் போக்கும் சவர்க்காரமும், அக்கொழுந்தை விற்ற பெயரும் நெடுங்காலம் ஒரே கல்லாவுக்குரியனவாக இருந்தன.

அந்தக் கறை விளம்பரத்தில் வருவதில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குச் சென்று, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறி இறங்கி, அந்தியில் படங்கை அவிழ்த்துவிட்டுப் பீலிக்கரையில் முறைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குச் சலவை என்பது இன்னொரு வேலைநாள். பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேதான் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியது. லயத்துப் பெட்டிக்கடையில் அவள் வாங்குவது கொடிபோல் தொங்கும் சிறுபைகளில் ஒன்று. ஒளிவட்டத்துடன் வரும் பெரும் பொதியன்று.

நம் பாடசாலைக் கலை விழாவொன்றில் பத்தாந்தர மாணவியர் இவ்விளம்பரப் பாணியிலேயே ஒரு சிறு நாடகம் ஆடினர். இடிக்குத் தகரத்தைத் தட்டினார்கள். மாமியாருக்குப் பதிலாகக் கங்காணி. தாயாக வந்த பெண் தன் தாயின் படங்கையே இடையிற் கட்டியிருந்தாள். ஒத்திகையில் அவர்கள் எழுதிய உரையாடலை நாம் செந்தமிழாகத் திருத்திக் கொடுத்திருந்தோம்; மேடையில் அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, நல்லவேளையாக.

“ஏம்மா அழுவுற? கறை போவலையா?” என்று மகள் கேட்டாள்.

“கறை கெடக்கட்டும்டி. பீலியில தண்ணி வரல.”

தலையில் தகரத் தட்டை ஒளிவட்டமாகக் கட்டிக்கொண்டு சலவைத் தூள் தேவன் தோன்றினான். அவனை மேலுங் கீழும் பார்த்த தாய், “தூளு இருக்கட்டும் தம்பி, ஒரு வாளி தண்ணி கொண்டாந்தியா?” என்றாள்.

மண்டபத்தின் பின்வரிசையில், தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்த தாய்மார் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனங்கள் நமக்குக் கேட்கவேயில்லை. தேவன் விடை தெரியாமல் தட்டைத் தடவிக்கொண்டு நின்றான். நாடகத்துக்கு முடிவு எழுதவில்லையாம். திரை விழுமுன்னரே பிள்ளைகள் மேடையை விட்டு இறங்கிவிட்டனர்.